விழுந்த ஓவியம்: லிண்டா பெங்லிஸின் வண்ணம் எதன்மேல் நிற்கிறது?

1969 மே மாதம் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி திறந்தது. முடிந்த பொருளைவிட அது உண்டாகிய விதமே முக்கியம் என்று நம்பிய இளம் கலைஞர்களைத் திரட்டிய காட்சி. ரிச்சர்ட் செர்ரா, ஈவா ஹெஸ், ராபர்ட் மோரிஸ் எல்லாரும் இருந்தார்கள். கண்காட்சிக் கையேட்டில் லிண்டா பெங்லிஸ் என்ற 27 வயதுக்காரரின் பெயரும் இருக்கிறது. ஆனால் கூடத்துக்குள் அவருடைய படைப்பு இல்லை.

அவர் காட்சிக்காகச் செய்தது ஒரு ரப்பர் விரிப்பு. ஏறக்குறைய 33 அடி நீளம். ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடி அப்படியே இறுகிப்போன விரிப்பு. சுற்றிலும் ஈயமும் சாம்பலும் கறுப்பும் நிறைந்த கூடத்தில் இந்த நிறக்கூச்சல் ஒத்துவராது என்று அமைப்பாளர்களுக்குப் பட்டிருக்கிறது. நுழைவாயிலை ஒட்டிய சரிவுப் பாதையில் விரிக்கலாம் என்றார்கள். சமதரைக்கென்று செய்ததைச் சரிவில் போடப் பெங்லிஸ் இசையவில்லை. காட்சியிலிருந்து விலக்கிக்கொண்டார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதை நிறத் தகராறு என்பார்கள்; அல்லது ஆண்கள் கோலோச்சிய கூடத்தில் ஒரு பெண்ணுக்கு இடமில்லாமல் போன கதை என்பார்கள். இரண்டும் சரிதான். எனக்கு இது முதலில் கிடத்தும் இடம் பற்றிய தகராறாகத் தெரிகிறது. ஓவியம் என்றால் சுவர். சிற்பம் என்றால் பீடம், அல்லது சுற்றிவரத் தோதான தரை. இந்த விரிப்போ ஓவியத்தின் சரக்கு முழுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்டு சிற்பத்தின் இடத்தில் போய்ப் படுத்திருக்கிறது. எங்கே போடுவது?

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக பெங்லிஸ் செய்துவருவதை இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவர் கையாண்ட பொருள்கள் மாறிக்கொண்டே போயின: மெழுகு, ரப்பர் பால், நுரை, ஈயம், பருத்தித் துணி, ஜிகினா, தங்கத்தாள், வெண்கலம், காகிதம். கேள்வி மட்டும் மாறவில்லை. வண்ணத்தைத் தாங்குவது எது?

அவ்வளவு சாதாரணமான கேள்வியில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஓர் எண்ணெய் ஓவியத்தைக் கழற்றிப் பார்த்தால் புரியும். முதலில் மரச்சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டி ஆணியடித்த கித்தான். துணி எண்ணெயை உறிஞ்சாமலிருக்க ஒரு வெள்ளைப் பூச்சு. அதற்கும் மேலேதான் நாம் ‘ஓவியம்’ என்று அழைக்கும் வண்ணப் படலம். பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. சட்டத்தையும் துணியையும் பார்வையாளர் மறந்துவிட வேண்டும் என்பதுதான் ஐரோப்பிய ஓவியம் நெடுங்காலம் செய்துவந்த ஒப்பந்தம். சுமக்கிறவர் கண்ணில் படக்கூடாது. பல்லக்கில் இருப்பவர் மட்டும் தெரிந்தால் போதும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க அரூப ஓவியர்கள் இந்த ஒப்பந்தத்தை ஓரத்தில் கிழிக்கத் தொடங்கினார்கள். 1947 வாக்கில் ஜாக்சன் போலாக் கித்தானைத் தரையில் விரித்து, சுற்றி நடந்துகொண்டே வண்ணத்தைச் சொட்டினார், வீசினார். 1952இல் ஹெலன் ஃப்ராங்கன்தாலர் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, பூச்சே இல்லாத துணியில் ஊற்றி ஊறவிட்டார். இருவருமே தூரிகையின் பழைய அதிகாரத்தைக் குறைத்து, புவியீர்ப்பை வேலைக்கு அழைத்தார்கள். ஆனால் இருவருமே கடைசியில் ஒரு காரியம் செய்தார்கள். துணியைத் தூக்கிச் சட்டத்தில் கட்டிச் சுவரில் மாட்டினார்கள். கிடந்த நிலையில் பிறந்த வண்ணம், நின்ற நிலையில் பார்வைக்கு வந்தது. போலாக்கின் சொட்டுகள் சுவரில் இருந்தும் ஏன் கீழ்நோக்கி வழியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தூக்கி மாட்டுதலில்தான் ஓவியம் மறுபடி ஓவியமாகிறது.

பெங்லிஸ் செய்த முதல் பெரிய காரியம், தூக்காமல் விட்டது.

அவர் 1941இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். தந்தைவழியில் கிரேக்க வேர். நியூ ஆர்லியன்ஸின் நியூகோம் கல்லூரியில் ஓவியமும் மட்பாண்டக் கலையும் படித்து, 1964இல் பட்டம் பெற்று நியூயார்க் வந்தார். அப்போது நகரத்தில் ஒரு சண்டை உச்சத்தில் இருந்தது. விமர்சகர் கிளெமெண்ட் கிரீன்பெர்க் ஒரு பக்கம். ஒவ்வொரு கலையும் தனக்கே உரியதைக் கண்டுபிடித்து மற்றதைக் களைய வேண்டும். ஓவியத்துக்கு உரியது தட்டைத்தன்மை. ஆழமும் கனமும் சிற்பத்துக்கு விட்டுவிட வேண்டியவை என்பது அவர் கட்சி. மறுபக்கம் கலைஞர் டொனால்ட் ஜட். கடந்த சில ஆண்டுகளின் நல்ல படைப்புகளில் பாதியோ அதற்கு மேலோ ஓவியமும் இல்லை, சிற்பமும் இல்லை என்று 1965இல் ஒரு கட்டுரையை ஆரம்பித்தவர். ஜட்டின் தீர்வு பெட்டிகள்: தொழிற்சாலையில் செய்த, கூர்மையான விளிம்புள்ள, கைரேகை படாத உலோகப் பெட்டிகள். கார்ல் ஆந்த்ரே உலோகத் தகடுகளைத் தரையில் சதுரம் சதுரமாகப் பரப்பினார். ஓவியம் சுவரிலிருந்து வெளியேறியது உண்மை. ஆனால் வெளியேறிய கையோடு உடம்பையும் அழுக்கையும் தற்செயலையும் கழுவிவிட்டது.

பெங்லிஸுக்கு ஜட்டின் கேள்வி பிடித்திருந்தது, பதில் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். அவருடைய 1966 தொடங்கிய மெழுகு வேலைகளில் அது தெரிகிறது. குறுகலான, இருமுனையும் வளைந்த, மேசனைட் என்னும் அழுத்திய மரநார்ப் பலகை. நீளம் சுமார் 36 அங்குலம், ஏறக்குறைய ஒரு கை நீளம். அகலம் தூரிகை அகலம். தேன்மெழுகை உருக்கி, டாமர் என்னும் குங்கிலியப் பிசினும் நிறமியும் சேர்த்து, சூடாகவே ஒரு தீற்று. ஆறியதும் அதன்மேல் இன்னொன்று. மீண்டும் ஒன்று. மெழுகு ஓவியம் ஈராயிரம் ஆண்டுப் பழைய நுட்பம். எகிப்தில் மம்மிகளோடு வைத்த முக ஓவியங்கள் பல இப்படித்தான் தீட்டப்பட்டவை. அங்கே மெழுகு ஒரு முகத்தைத் தருகிறது. பெங்லிஸின் பலகையில் மெழுகு தன்னைத் தவிர வேறெதையும் தருவதில்லை. அடுக்கு ஏற ஏற மேடும் பள்ளமும் தோன்றி, பவளப்பாறைபோலவோ தோல்போலவோ புடைத்துவிடுகிறது. ஒரே தீற்றைத் திரும்பத் திரும்பத் தீட்டியே புடைப்புச் சிற்பத்தில் வந்து நின்றுவிடுகிறார். உளி எடுக்கவில்லை, களிமண் பிசையவில்லை. ஓவியர் செய்வதையே நிறுத்தாமல் செய்தார், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே வேலி எங்கே என்று தேடிப் போகிறவருக்கு இந்தச் சின்னப் பலகைகளே போதும். பின்னால் வந்த பிரம்மாண்டங்களைவிட எனக்கு இவைமேல்தான் பிரியம் அதிகம்.

ஆனால் அங்கேயும் பலகை இருந்தது. 1968இல் அதையும் எடுத்துவிட்டார்.

ரப்பர் பால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இதன் துணிச்சல் விளங்கும். நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்களே ரப்பர் பால். உறைந்துவிடாமல் இருக்க அமோனியா கலந்திருப்பார்கள். நெடி மூக்கைத் துளைக்கும். அதைத் தரையில் ஊற்றினால் நீர் ஆவியாகப் போகப்போகத் துகள்கள் நெருங்கி ஒட்டி ஒரே படலமாகின்றன. எண்ணெய் வண்ணத்துக்குத் துணி வேண்டும். ரப்பர் பாலில் நிறமியைக் கலந்துவிட்டால், வண்ணமே துணியுமாகிவிடுகிறது. காய்ந்த பின் ஓரத்தைப் பிடித்துத் தரையிலிருந்து உரித்தெடுக்கலாம். பாய்போலச் சுருட்டி வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். சுமக்கிறவரும் பல்லக்கில் இருப்பவரும் ஒரே ஆள்.

வாளி வாளியாக, வெவ்வேறு நிறத்தில், ஒன்று காயும் முன் அடுத்தது. இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அவை கலங்கிச் சேறாகாமல், பளிங்கின் ரேகைபோலப் பின்னிக்கொள்ளும். எவ்வளவு ஊற்றுவது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் சாய்த்து என்பதெல்லாம் கலைஞரின் கையில். எங்கே நிற்பது என்பது பாலின் கையில். ஆகவே விளிம்பு நேர்க்கோடாக இல்லை; ஓடி ஓய்ந்த இடமே விளிம்பு. சட்டம் என்பது ஓவியர் முன்கூட்டியே வரைந்துகொள்ளும் எல்லை. இங்கே எல்லையைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறோம்.

1968இல் செய்த ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ‘விழுந்த ஓவியம்’. இன்று அது பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பெயரின் குறும்பை ரசிக்காமல் கடக்க முடியாது. விழுந்தது ஒரு ஓவியமா, ஓவியம் என்ற கலையா? ‘விழுந்தவள்’ என்று பெண்களைப் பார்த்துச் சொல்லும் பழைய ஆங்கிலச் சொல்லாட்சியும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். விட்னியிலிருந்து விலக்கிய விரிப்பின் பெயர் ‘கான்ட்ராபேண்ட்’, அதாவது கடத்தல் சரக்கு. அவர் பிறந்த ஊர்ப் பக்கம் மந்தமாக ஓடும் ஒரு சதுப்பு ஓடைக்கு அந்தப் பெயர் உண்டு. கடற்கொள்ளையர்கள் அங்கே பொருளை ஒளித்தார்கள் என்று கதை. லேக் சார்ல்ஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர். நீரின்மேல் எண்ணெய் படர்ந்து வானவில்லாக மினுங்குவதைப் பார்த்திருந்தால், இந்த விரிப்பு எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அரூபக் கலைக்கும் ஊர் உண்டு.

1970 பிப்ரவரியில் லைஃப் இதழ், ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் அவர் குனிந்து வாளியைச் சாய்த்து ஊற்றும் படங்களை வெளியிட்டது. பக்கத்திலேயே போலாக் வேலை செய்யும் பழைய படத்தையும் சின்னதாகப் போட்டது. பாராட்டுதான். ஆனாலும் அந்த ஒப்பீடு பாதித் தூரமே போகிறது. போலாக் கித்தானின்மேல் ஆடினார். அவருடைய அசைவின் தடயத்தைத் துணி ஏந்திக்கொண்டது. பெங்லிஸின் அசைவுக்கு ஏந்திக்கொள்ள எதுவும் இல்லை, அசைவே பொருளாகிவிட்டது. 1974இல் விமர்சகர் ராபர்ட் பின்கஸ்-விட்டன் இதற்கு ‘உறைந்த அசைவு’ என்று பெயர் வைத்தார். பெங்லிஸைப் பற்றி எழுதுபவர்கள் இன்றுவரை அந்தச் சொல்லை விடவில்லை. நானும்தான் விடவில்லை.

தரையில் கிடப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. ரப்பர் பால் பரவும், எழாது. எழும் பொருள் ஒன்று அப்போது சந்தைக்கு வந்திருந்தது: பாலியூரிதேன் நுரை. மெத்தையிலும் குளிர்பதனப் பெட்டியின் சுவருக்குள்ளும் இருக்கும் அதே சரக்குதான். இரண்டு திரவங்களைக் கலந்தால் வினை நடந்து வாயு கிளம்பும். கலவை பொங்கிப் பல மடங்கு பெருத்து, சில நிமிடங்களில் இறுகிவிடும். யோசிக்க நேரம் தராத பொருள். மூச்சுக்கும் ஆகாது. அறை மூலையில் ஊற்றினால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதற்கு அச்சாகின்றன. 1970இல் ஒரு மூலையில் கறுப்பு நுரையை அடுக்கடுக்காகக் கொட்டி, ‘கார்ல் ஆந்த்ரேவுக்கு’ என்று பெயரிட்டார். சதுரத் தகடுகளை ஒழுங்காகப் பரப்பிய கலைஞருக்கு, ஒழுங்கே இல்லாத கரிய குவியல் ஒன்று காணிக்கை. கிண்டலா மரியாதையா என்று கேட்டால், இரண்டும் என்பேன். இன்று அது டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் அருங்காட்சியகத்தில்.

1971 அவருடைய வெறிகொண்ட ஆண்டு. அமெரிக்காவின் பல ஊர்களில், சுவரிலிருந்து அந்தரத்தில் பாய்ந்து நிற்கும் நுரை அலைகளைச் செய்தார். முறை இதுதான்: கோழிவலைக் கம்பியால் ஒரு சாரம் கட்டுவது, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் வாளி வாளியாக நுரை. இறுகியதும் அடியிலிருக்கும் சாரத்தைப் பிரித்தெடுத்துவிடுவது. சுவரோடு ஒட்டிய இடம் ஒன்றுதான் பிடிமானம். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த ‘ஃபேண்டம்’, அதாவது பேயுரு, ஐந்து பகுதிகள் கொண்டது. நுரையில் ஒளிரும் நிறமி கலந்தது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்தால் பச்சையாக உமிழும். இருட்டில் கம்பி தெரியாது, சுவர் தெரியாது. சுவரிலிருந்து கிளம்பிய ஐந்து பேய்கள் மட்டும் தெரியும். அந்த ஆண்டின் நுரை அலைகளில் பெரும்பாலானவை காட்சி முடிந்ததும் உடைக்கப்பட்டன. ‘ஃபேண்டம்’ பிழைத்தது, 2011இல் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் நடந்த அவருடைய பெரும் காட்சியில் மீண்டும் ஒளிர்ந்தது.

இங்கே ஒரு முரணைச் சொல்ல வேண்டும். நுரை நெடுநாள் தாங்காது என்பதால் சிலவற்றை அச்செடுத்து உலோகத்தில் வார்த்தார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘கால்பங்கு விண்கல்’ 1969இல் மூலையில் கொட்டிய நுரை, 1975இல் ஈயமானது. குமிழி குமிழியாகப் பொங்கிய, பஞ்சுபோன்ற அதே உருவம், இப்போது கனத்த உலோகமாக. உலோகமாக்கியதில் சந்தைக்கும் அருங்காட்சியகத்துக்கும் வசதி இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் முன்னால் நிற்பவருக்கு வேறொன்றும் நேர்கிறது. கண் ‘வழிகிறது’ என்கிறது. அறிவு ‘அசையாது’ என்கிறது. ஓவியத்தின் பழைய வித்தை, தட்டையான துணியை ஆழமாக நம்ப வைப்பது. இங்கே கனமான உலோகம் நம்மை ஓட்டமென்று நம்ப வைக்கிறது. கண்கட்டு வித்தை போகவில்லை, சுவரிலிருந்து மூலைக்கு வந்துவிட்டது.

1972 முதல் முடிச்சுகள். அலுமினிய வலையைக் குழாயாகச் சுருட்டி, பருத்தித் துணியையும் சாந்தையும் சுற்றி, இறுகும் முன் முடிச்சுப் போட்டுவிடுவார். அதன்மேல் வண்ணமும் ஜிகினாவும். பின்னால் வந்த முடிச்சுகளுக்கு உலோகப் பூச்சு: உலோகக் கம்பியை உருக்கி, அழுத்தக் காற்றால் ஊதித் தெளிக்கும் தொழிற்சாலை நுட்பம். ஜிகினா என்றால் உயர்கலை உலகம் முகம் சுளித்த காலம் அது. அவருக்கோ அது நியூ ஆர்லியன்ஸின் மார்டி கிரா திருவிழா ஊர்வலம், காகிதக்கூழ் பொம்மைகளும் மினுக்கும் வண்டிகளும். முடிச்சில் அவர் கண்டுபிடித்தது எளிமையானது. முடிச்சு தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். சட்டமும் வேண்டாம், மூலையும் வேண்டாம். சுவரில் ஓர் ஆணி போதும். ஓவியம்போல மாட்டலாம், ஆனால் முன்பக்கம் எது என்று சொல்ல முடியாது.

1974 நவம்பர் ஆர்ட்ஃபோரம் கலை இதழில் அவர் கொடுத்த விளம்பரத்தைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை; ஏற்கெனவே வேண்டுமளவு எழுதியாயிற்று. குளிர்கண்ணாடி அணிந்து, நிர்வாணமாக, செயற்கை ஆண்குறி ஒன்றைப் பிடித்தபடி நிற்கும் அவருடைய படம். ஆண் கலைஞர்கள் தங்கள் உடம்பை விளம்பரமாக்கிய காலத்தில் அந்த விளையாட்டையே தலைகீழாக்கியது. இதழின் ஐந்து துணையாசிரியர்கள் கண்டனக் கடிதம் வெளியிட்டார்கள். அவர்களில் ரோசலிண்ட் கிராஸும் அனெட் மைக்கேல்சனும் பிறகு விலகி 1976இல் ‘அக்டோபர்’ என்ற ஆய்விதழைத் தொடங்கினார்கள். இந்த ஒரு பக்கம் பல ஆண்டுகள் பெங்லிஸின் மற்ற வேலைகளை மறைத்துக்கொண்டு நின்றது என்பதுதான் இதில் வருத்தம்.

1979இல் அவர் அகமதாபாத் வந்தார். சாராபாய் குடும்பத்தின் அழைப்பு. நெசவாலை முதலாளிகளான அந்தக் குடும்பத்தின் மனோரமா சாராபாய்க்காகக் கட்டிடக் கலைஞர் லெ கார்பூசியர் 1950களில் கட்டிய வீடு, அமெரிக்கக் கலைஞர்கள் பலருக்குத் தங்குமிடமாக இருந்தது. 1975இல் ராபர்ட் ரோஷன்பெர்க் அங்கே தங்கி, காந்தி ஆசிரமத்தின் காகித ஆலையில் வேலை செய்தார். 1977இல் வந்த ஃபிராங்க் ஸ்டெல்லா, அச்சுப் பிழையால் கழித்த தகரத் தாள்களை வெட்டி வளைத்து, பின்னால் ‘இந்தியப் பறவைகள்’ ஆன வரிசைக்கு மாதிரிகளைச் செய்தார். ஸ்டெல்லாவும் ஓவியத்திலிருந்து சிற்பத்துக்கு நகர்ந்தவர்தான். வித்தியாசம் என்னவென்றால் அவர் கட்டிடம் கட்டுவதுபோலத் தகடுகளைச் சேர்த்துச் சேர்த்து வெளியே வந்தார். பெங்லிஸ் சேர்க்கவில்லை, பொருளை ஓடவிட்டு, முறுக்கி, மடித்து வந்தார். 1968 வாக்கில் வாஷிங்டனில் ஓவியர் சாம் கில்லியம் இன்னொரு வழி கண்டார்: வண்ணத்தில் ஊறிய கித்தானைச் சட்டத்திலிருந்து கழற்றி, கூரையிலிருந்து திரைச்சீலைபோலத் தொங்கவிட்டார். துணியை வைத்துக்கொண்டு சட்டத்தை விட்டவர் கில்லியம். துணியையும் விட்டவர் பெங்லிஸ்.

ரோஷன்பெர்க்கும் ஸ்டெல்லாவும் வந்து போனவர்கள். பெங்லிஸுக்கு அகமதாபாத் இன்னொரு வீடாயிற்று. ஆனந்த் சாராபாய் அவருடைய வாழ்க்கைத் துணையானார், 2013இல் அவர் மறையும் வரை. அங்கே அவருக்கு ஒரு வேலையிடமும் இருந்தது. மயிலின் பெயரில் ஒரு வரிசை, தங்கத்தாள் வேய்ந்த உருவங்கள், கண்ணாடித் துண்டுகள் எல்லாம் அந்தக் காலகட்டத்தின் வரவுகள்.

இந்தியாவில் அவருக்கு இந்த ஓவிய-சிற்பச் சண்டையே வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. சிற்ப நூல்களின் சொல்வழக்கைப் பாருங்கள். முழு உருவச் சிற்பத்துக்குச் ‘சித்திரம்’ என்று பெயர். புடைப்புச் சிற்பம் ‘அர்த்தசித்திரம்’, பாதிச் சித்திரம். சுவரிலோ துணியிலோ தீட்டியது ‘சித்திராபாசம்’, சித்திரம்போலத் தோன்றுவது. மூன்றும் ஒரே சொல்லின் மூன்று படிகள். நாம் இன்று ஓவியத்துக்கே சித்திரம் என்கிறோம்; சொல் சிற்பத்திலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது. கிரீன்பெர்க் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. பெங்லிஸ் இந்த நூல்களைப் படித்தார் என்றெல்லாம் சொல்லவில்லை. ஓவியம் வேறு, சிற்பம் வேறு என்ற சுவர் எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் எழுப்பப்பட்டதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் மடிப்பு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பிவலையை விசிறிபோல மடித்து, துத்தநாகம், அலுமினியம், செம்பு ஆகியவற்றைத் தெளித்து மெருகேற்றியவை. தொலைவில் பட்டுப்போலவும் கிட்டத்தில் மோட்டார் உதிரிப்பாகம்போலவும் இருக்கும். சில எனக்கு அலுப்பூட்டுகின்றன. பொருள் தானாக நடந்துகொள்ள இடமில்லாமல், பளபளப்பு முந்திக்கொள்கிறது. 1984 நியூ ஆர்லியன்ஸ் உலகக் கண்காட்சிக்குச் செய்த நீரூற்று அப்படியல்ல. நுரையை வெண்கலத்தில் வார்த்த பெரிய அலை. அதன்மேல் நிஜ நீர் வழியும். ஓட்டத்தைப் பதினைந்து ஆண்டுகள் உறையவைத்தவர், உறைந்ததன்மேல் மறுபடி ஓட்டத்தைத் திறந்துவிட்டார். கண்காட்சி முடிந்ததும் அது பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்து, பின்பு மீட்கப்பட்டது.

எழுபது வயதுக்கு மேல் அவர் திரும்பிய பொருள் காகிதம். 1971இல் நுரைக்கு அடியில் சாரமாகக் கட்டிப் பிறகு பிரித்தெறிந்த அதே கோழிவலை இப்போது உள்ளே தங்கிவிடுகிறது. அதை வளைத்து உருவாக்கி, கையால் செய்த ஈரக் காகிதத்தைப் போர்த்துவார். காய்கையில் காகிதம் சுருங்கி வலையை இறுக்கிப் பிடிக்க, அறுகோணக் கண்கள் தோலின் அடியில் எலும்புபோலத் தெரியும். அதன்மேல் ஆங்காங்கே வண்ணம், கரி, கொஞ்சம் ஜிகினா. ஒவ்வொன்றும் சுவரில் மாட்டுமளவு இலேசானது. ஒளித்துவைத்த சட்டத்தை எதிர்த்து ஆரம்பித்தவர், சட்டத்தை வெளிப்படையாகக் காட்டும் இடத்துக்கு வந்திருக்கிறார். தாங்குகிறவரை மறைக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. மெழுகுப் பலகைகளுக்கு அடுத்து எனக்குப் பிடித்தவை இவையே.

ரப்பர் விரிப்புகளுக்கு என்ன ஆயிற்று? ரப்பர் காற்றோடும் ஒளியோடும் சேர்ந்து மெல்ல மூப்படைகிறது. நெகிழ்வு போய், விறைத்து, நிறம் மங்குகிறது. கண்ணைப் பறிக்கும் அந்த நிறமிகள் வெளிச்சத்தில் சீக்கிரம் சோர்பவை. ஈவா ஹெஸின் ரப்பர் பால் படைப்புகளில் சில இன்று காட்சிக்கு வைக்க முடியாத நிலையில் உள்ளன. எண்ணெய் ஓவியம் நலிந்தால் பின்பக்கம் புதுத்துணி ஒட்டிக் காப்பாற்றும் வழக்கம் உண்டு. பெங்லிஸின் விரிப்புக்குப் பின்பக்கம் என்று தனியாக ஒன்று இல்லை. தாங்குவது தளர்ந்தால் தாங்கப்படுவதும் தளரும். அதைச் சுருட்டி வைப்பதா, விரித்தே வைப்பதா, எவ்வளவு நேரம் விளக்கின் கீழ் வைப்பது என்பது ஓவியப் பராமரிப்பாளர்களுக்கும் சிற்பப் பராமரிப்பாளர்களுக்கும் சேர்ந்தே தலைவலி.

2008இல் ‘கான்ட்ராபேண்ட்’ விட்னிக்கே வந்து சேர்ந்தது. சரிவுப் பாதையில் போடச் சொன்ன அதே அருங்காட்சியகம், 39 ஆண்டுகள் கழித்து. சேகரிப்புப் பதிவேட்டில் ஓவியங்களுக்கு இரண்டு அளவுகள் எழுதுவார்கள், உயரமும் அகலமும். இதற்கு மூன்று எழுதியிருக்கிறார்கள். 33 அடிக்குச் சற்றே மேல், பத்தடிக்குச் சற்றே கீழ், கூடவே தரையிலிருந்து சில அங்குலம்.